சுவடுகாட்டி: ‘ட்ரேசர்’ என்பதற்குத் தமிழ்

திருகோணமலை உப்புவெளியில் நான் நடத்தும் உயர்தர இரசாயனவியல் வகுப்பில் ஒரு மாணவி ‘ட்ரேசர்’ என்ற சொல்லை ‘ரேசர்’ என்று வாசித்தாள். ஒன்றினுள் மிகச் சிறிதளவு கலந்து, அது போகும் வழியைப் பின்தொடர உதவும் பொருளே ட்ரேசர். வகுப்பு முழுவதும் சவரக் கத்தியை நினைத்துச் சிரித்தது. பிழை அவளுடையதல்ல, தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்குவதில்லை, நாக்கு தன் இலக்கணத்தைத் தானே காப்பாற்றிக்கொண்டது. அன்றிரவு அகராதிகளோடு உட்கார்ந்தேன்.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் ‘இழுத்தல்’ என்ற பொருளுடையது. கந்தளாய் வயலில் ஓடும் டிராக்டரும் அதே வேரில் பிறந்ததுதான். இழுத்த கோடு, இழுபட்ட தடம், தடத்தைப் பின்தொடர்தல் என்று பழைய பிரெஞ்சு மொழி வழியாகப் பொருள் நகர்ந்தது. ‘தடம் தெரியும் அளவுக்கு மட்டும்’, அதாவது மிகமிகச் சிறிதளவு என்ற பொருளும் பின்னர் ஒட்டிக்கொண்டது. விஞ்ஞானத்துக்கு இரண்டும் வேண்டும்.

தமிழில் தேடவேண்டிய சொல் ‘சுவடு’. கால் பதிந்த அடையாளம் அடிச்சுவடு. எழுத்தாணியின் சுவடு பதிந்ததால்தான் ஏடு சுவடி ஆயிற்று என்று சொல்வாரும் உண்டு. “யாதும் சுவடு படாமல் ஐயாறு அடைகின்ற போது” என்கிறார் அப்பர். எங்கள் கோணேசருக்குப் பதிகம் பாடியவர் சம்பந்தர். இந்தச் சொல்லுக்கோ அப்பரிடம் போகவேண்டியிருக்கிறது. சிறிதளவு என்ற பொருளையும் இலங்கைப் பாடநூல்கள் இச்சொல்லுக்கு ஏற்றிவிட்டன: உடலுக்கு மிகக் குறைவாகத் தேவைப்படுபவை ‘சுவட்டு மூலகங்கள்’.

‘சுவடறிவான்’ என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அது உவப்பில்லை. அந்தப் பொருள் எதையும் அறிவதில்லை. அறிவது வெளியே நிற்கும் கருவியும் அதைப் பார்க்கும் மனிதரும். பொருள் காட்டுகிறது, அவ்வளவே. திசைகாட்டி இருக்கிறது, ஆய்வுகூடத்தில் அமிலம் எது காரம் எது என்று சொல்லும் காட்டியும் இருக்கிறது. ஆகவே ‘சுவடுகாட்டி’. ‘தடங்காட்டி’யும் தவறில்லை, ஆனால் தடம் என்றால் சிறுமை தொனிப்பதில்லை.

இந்த உத்தியைத் தொடக்கிவைத்தவர் ஹங்கேரியில் பிறந்த ஜோர்ஜ் டி ஹெவேசி. மான்செஸ்டரில் தங்கியிருந்த விடுதியில் மீந்த இறைச்சியே மறுபடி மறுபடி தட்டுக்கு வருகிறது என்று ஐயப்பட்டவர், மிச்சத்தில் துளி கதிர்ப்பொருளைக் கலந்து வைத்தார், சில நாள் கழித்து வந்த உணவில் கருவி அதைக் காட்டிக்கொடுத்தது என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியிருந்தாலும், 1923இல் கதிர்வீசும் ஈயத்தைக் கொண்டு அவரைச் செடி ஈயத்தை எங்கெங்கே கொண்டுபோகிறது என்று அவர் பின்தொடர்ந்தது வரலாறு. 1943ஆம் ஆண்டுக்குரிய இரசாயன நோபல் பரிசு இதற்காகவே கிடைத்தது. ஒரே மூலகத்தின் சமதானிகள், அதாவது திணிவில் மட்டும் வேறுபடும் அணுக்கள், இரசாயன நடத்தையில் ஏறக்குறைய ஒன்றே. செடிக்கு வேற்றுமை தெரியாது, கருவிக்குத் தெரியும். (நாம் சமதானி என்பதைத் தமிழ்நாட்டார் ஓரிடத்தான் என்பர். தானம் என்றாலும் இடந்தானே.)

செடியிலிருந்து மூளைக்கு வருவோம். நரம்புக் கலத்தின் மேல் டோபமின் போன்ற, செய்தி கடத்தும் இரசாயனங்கள் வந்து பொருந்தும் புரதங்களைப் பாடநூல் ‘வாங்கி’ என்கிறது. தமிழ்நாட்டில் ‘ஏற்பி’. கோயில் திருவிழாவில் ஒலிவாங்கி பிடித்துப் பழகிய எங்களுக்கு வாங்கி என்பதே வாய்க்கு வருகிறது. 1983இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹென்றி வாக்னர் குழுவினர் சுவடுகாட்டி ஒன்றைச் செலுத்தி, உயிருள்ள மனித மூளையில் டோபமின் வாங்கிகளைப் படமெடுத்தனர். முதலில் படமானது வாக்னரின் சொந்த மூளை.

அப்படியொரு சுவடுகாட்டியை உருவாக்குவது எளிதன்று. வாங்கியில் பொருந்தும் மூலக்கூறு ஒன்றைத் தேர்ந்து, அதன் சாதாரண காபன் அணு ஒன்றின் இடத்தில் கதிர்வீசும் காபன்-11ஐ வைக்கவேண்டும். அது வெளிவிடும் பொசித்திரன் என்ற நேரேற்றத் துகள் அருகிலுள்ள இலத்திரனோடு மோதி அழிய, இரு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பாய்கின்றன. சுற்றியிருக்கும் கருவி இரண்டையும் ஒருசேரப் பிடித்து இடத்தைக் கணிக்கிறது.

கடினம் அதற்கு முன்னால் இருக்கிறது. குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைக் கடக்க மூலக்கூறுக்குக் கொஞ்சம் கொழுப்பு நாட்டம் வேண்டும். நாட்டம் மிகுந்தால் கண்ட இடத்திலெல்லாம் ஒட்டிக்கொண்டு படம் முழுவதும் புகைமூட்டமாகும். புட்டுக்கு மாக் குழைப்பது போல: நீர் குறைந்தால் சேராது, கூடினால் களி. வாங்கியைப் பிடிக்கும் பலமும் அளவறிந்து அமையவேண்டும். ரக்ளோபிரைட் என்ற மூலக்கூறு டோபமின் வாங்கிகளை மிதமாகவே பிடிக்கிறது. அதனால் மூளை தன் டோபமினை அதிகம் சுரந்தால் அது விலகி இடம் விடுகிறது. படத்தில் ஒளி குறைவதைக் கொண்டு சுரப்பு கூடியதை ஊகிக்கலாம். பிடிவாதமாக ஒட்டும் மூலக்கூறு இந்தச் செய்தியைச் சொல்லாது.

எல்லாவற்றுக்கும் மேலாக அளவு. உடலில் செலுத்துவது மைக்ரோகிராம் கணக்கு. நூற்றில் ஐந்து வாங்கிகளைக்கூட அது நிரப்பிவிடக்கூடாது என்பது பொதுவான கணக்கு. நிரப்பினால் அது மருந்தாக வேலை செய்யத் தொடங்கி, பார்க்க வந்ததையே மாற்றிவிடும். மூளையில் தன் சுவடு படாமல் சுவட்டைக் காட்டவேண்டும். அப்பரின் தொடர் இங்கே இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை.

காபன்-11இன் அரை ஆயுட்காலம், அதாவது அது பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், ஏறக்குறைய 20 நிமிடம் என்றதும், “அப்படியானால் கொழும்பில் செய்து பஸ்ஸில் அனுப்பலாமா, சேர்?” என்று அதே மாணவி கேட்டாள். ஆறு மணிநேரப் பயணம் என்று வைத்து வகுப்பே கணக்குப் போட்டது. 18 முறை பாதியாகும். திருகோணமலையில் இறங்கும்போது 2,62,144இல் ஒரு பங்கு மிஞ்சும். அதனால்தான் காபன்-11ஐ ஆக்கும் சைக்ளோட்ரான் என்ற துகள்முடுக்கி படமெடுக்கும் இடத்தின் அருகிலேயே இருக்கவேண்டும். 110 நிமிட அரை ஆயுட்காலமுள்ள புளோரீன்-18 என்றால் பத்தில் ஒரு பங்காவது வந்துசேரும்.