விளிம்பைத் தேடும் பற்கள்

பாளையங்கோட்டையில் என் அக்காள் மகன் ஒரு ஹாம்ஸ்டர் வளர்க்கிறான். வந்த ஒன்பதாம் நாள் காலையில் அது கூண்டில் இல்லை. அடுக்களையில் அரிசிப் பானைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. கூண்டின் பிளாஸ்டிக் கதவில் ஒரு மூலை தேங்காய்த் துருவலாக உதிர்ந்து கிடந்தது. "பொறி வைத்து எலி பிடிக்கிற வீட்டில் எலிக்கு ஒரு மாளிகையா?" என்று ஆச்சி முதல் நாளே கேட்டிருந்தார். இப்போது அந்தக் கேள்விக்குச் சாட்சியமும் கிடைத்துவிட்டது.

இரும்புக் கூண்டு வாங்கிவிடலாம் என்றான் பையன். நானும் சிறிது நேரம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பல்லின் அமைப்பைப் பார்த்தால் வேறு வழி தெரிகிறது.

ஹாம்ஸ்டரின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்கின்றன. பல்லின் முன்பக்கத்தில் மட்டுமே கடினமான எனாமல் உண்டு. அதன் மஞ்சள் நிறத்துக்குக் காரணம் இரும்புச் சத்து. பின்பக்கம் டென்டின் என்ற மென்மையான பல்திசு. மென்மையான பக்கம் முதலில் தேய்வதால் முன்விளிம்பு கூராகவே நிற்கும். ஆசாரி உளியை ஒரு பக்கம் சாய்த்துத் தீட்டுகிறாரே, அதே கணக்கு. சாணைக்கல்கூட வேண்டாம், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தீட்டிக்கொள்ளும்.

இந்த உளிக்கு ஒரு பலவீனம் உண்டு. மேல்பல் ஊன்றிக்கொள்ள ஓர் இடம் கிடைத்தால்தான் கீழ்ப்பல் சுரண்ட முடியும். கதவு மூலை, காற்றுத் துளை, மூடியின் ஓரம் எல்லாம் அதற்கு வசதி. வழவழப்பான தட்டைப் பரப்பில் பல் வழுக்கும். ஆகவே பொருள் எவ்வளவு கடினம் என்பதைவிட, பல் மாட்டும் விளிம்பு எங்கே இருக்கிறது என்று பார்ப்பதே முக்கியம். மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி இங்கே வெல்வது அதனால்தான். உள்மூலைகளில் கண்ணாடியை ஒட்டிய சிலிகான் பசை பிதுங்கி நிற்கிறதா என்று மட்டும் தடவிப் பாருங்கள்.

கம்பிக் கூண்டை ஹாம்ஸ்டர் உடைக்காது. ஆனால் இரவெல்லாம் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளலாம். கம்பியில் பூசிய பெயின்டும் துத்தநாகமும் வயிற்றுக்குள் போகும். இந்தக் கடியைக் குறும்பு என்று சிரிப்பவர்கள் உண்டு; எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹாம்ஸ்டர் கூண்டுகளில் 10, 40, 80 செ.மீ. ஆழத்தில் படுக்கை, அதாவது தோண்டிப் புகுந்துகொள்ளும் துணுக்குகள், போட்டு ஒப்பிட்டு 2006-இல் வெளியிட்டார்கள். 10 செ.மீ. படுக்கையில் இருந்தவையே அதிகமாகக் கம்பியைக் கடித்தன. சிரியாவின் வயல்களில் இவை தோண்டும் வளைகள் ஒரு மீட்டர் ஆழம்வரைகூடப் போகும். அந்த வழக்கம் கூண்டுக்குள் வந்தும் போகவில்லை.

ஆக, ஒரு மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் உள்ள கண்ணாடித் தொட்டி, மேலே நெருக்கமான கம்பி வலை மூடி, உள்ளே அச்சு மை படாத காகிதத் துணுக்குகள் ஒரு முழ ஆழம். மரம் அறுக்கும் கடையில் சும்மா கிடைக்கும் தூள் வேண்டாம். பொடி மூச்சில் ஏறும். கடிப்பதற்கென்று தேங்காய்ச் சிரட்டை ஒன்று போட்டோம். படுக்கைக்குள் பாதி புதையும்படி, காருகுறிச்சி மண்பானை ஒன்றைச் சாய்த்து வைத்தோம். வளைந்த சுவரில் பல்லுக்குப் பிடி கிடைப்பது அரிது, மண் என்பதால் குளிர்ச்சியும் உண்டு. பானையின் வாய் விளிம்பை மட்டும் இரண்டு நாள் சோதித்துப் பார்த்துவிட்டு விட்டது.

நெல்லை வெயில்தான் பாக்கி. ஹாம்ஸ்டருக்கு வியர்க்காது, 30 டிகிரியைத் தாண்டினாலே திணறும். ஜன்னல் வெயில் விழுந்தால் கண்ணாடித் தொட்டி அடுப்பாகிவிடும். வீட்டிலேயே குளிர்ந்த இடம் பட்டாசலின், அதாவது கூடத்தின், வடக்குச் சுவரோரம். அங்கே ஆச்சியின் கட்டில் கிடக்கிறது. பேச்சுவார்த்தை நடக்கிறது.