மேட்ரிக்ஸ்: அணியா, தாயா?

பெங்களூரு மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழர்கள் நாலைந்து பேர் கூடுவோம். காபி, அப்புறம் அவரவர் ஆய்வைத் தமிழிலேயே மற்றவர்களுக்கு விளக்கும் முயற்சி. போன மாதம் மூன்று பேர் பேசினார்கள். இந்திய அறிவியல் கழகத்தில் இயற்கணிதம் படிக்கும் ஒரு பெண். பெல்லாரி ரோட்டுப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் குருத்தெலும்பு வளர்க்கும் ஒரு தம்பி. மர ஆய்விலேயே முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். மூன்று பேர் வாயிலும் ஒரே சொல் வந்தது: மேட்ரிக்ஸ். ஆனால் ஆளுக்கொரு பொருளில்.

"தமிழில் மேட்ரிக்ஸ் என்றால் அணிதானே அக்கா, நானும் அதையே போட்டுக்கொள்ளட்டுமா?" என்று தம்பி கேட்டார். வேண்டாம் என்று சட்டென்று சொல்லிவிட்டேன். காரணத்தை அன்று சரியாகச் சொல்ல வரவில்லை. வீட்டில் உட்கார்ந்து யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

லத்தீனில் மாத்தேர் (mater) என்றால் தாய். அதிலிருந்து பிறந்த மேட்ரிக்ஸ் முதலில் குட்டி ஈனுவதற்காக வளர்க்கும் பெண் விலங்கைக் குறித்தது, பிறகு கருப்பையை. ஆங்கிலத்துக்குள்ளும் கருப்பை என்ற பொருளோடுதான் நுழைந்தது. ஒன்றைத் தனக்குள் வைத்து உருவாக்குவது எதுவாக இருந்தாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஈய எழுத்து வார்க்கும் அச்சும் மேட்ரிக்ஸ், ரத்தினக்கல் பதிந்து கிடக்கும் பாறையும் மேட்ரிக்ஸ்.

கணிதத்துக்கு இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர், 1850இல். அவர் கவிதையில் தோய்ந்தவர், புதுப்புதுக் கலைச்சொற்களைப் படைப்பதில் பெரிய ஆர்வம் உள்ளவர். கருப்பையின் பெயரை எண்களின் அடுக்குக்கு ஏன் வைத்தார்? 2 நிரை, 3 நிரலாக ஆறு எண்களை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு நிரலை மறைத்தால் 2க்கு 2 என்று ஒரு சதுரம் மிஞ்சும். அந்தச் சதுரத்திலிருந்து அணிக்கோவை (டிடர்மினன்ட்) என்ற ஒற்றை எண்ணைக் கணக்கிடலாம். மூன்று நிரலையும் முறை வைத்து மறைத்தால் மூன்று அணிக்கோவைகள். ஒரே வயிற்றிலிருந்து மூன்று பிள்ளைகள் என்று அவர் பார்த்தார். அந்தக் காலத்தில் அணிக்கோவைதான் முக்கியம், அடுக்கு அதைப் பெற்றுத் தருவது மட்டுமே.

எட்டே வருடத்தில் நிலைமை மாறியது. 1858இல் அவருடைய நண்பர் ஆர்தர் கெய்லி, முழு அடுக்கையும் ஒற்றை எழுத்தால் குறித்து, எண்களைப் போலவே கூட்டவும் பெருக்கவும் விதிகள் வகுத்தார். பெருக்கும்போது வரிசையை மாற்றினால் விடையும் மாறலாம் என்பது அதில் உள்ள விசேஷம். இன்றைய இயற்கணிதத்தில் ஒரே அளவுள்ள சதுர அணிகள் சேர்ந்து, கூட்டலும் பெருக்கலும் உள்ள 'வளையம்' என்ற அமைப்பு ஆகின்றன, அவற்றில் நேர்மாறு உள்ளவை, அதாவது பெருக்கியதைப் பழையபடி ஆக்கும் துணை அணி உள்ளவை மட்டும் பெருக்கலின்படி 'குலம்' என்ற அமைப்பு ஆகின்றன. இங்கே யாரும் யாரையும் பெறவில்லை. கருப்பை உவமை கணிதத்தில் எப்போதோ உதிர்ந்துவிட்டது.

அதனால் தமிழகப் பாடநூல்கள் எடுத்துக்கொண்ட 'அணி' எனக்கு முழுத் திருப்தி. அணிவகுத்து நிற்பது, அணி அணியாக வருவது என்று வரிசையும் ஒழுங்கும் அந்தச் சொல்லிலேயே இருக்கின்றன. இந்தியிலும் இப்படித்தான் யோசித்திருக்கிறார்கள். அங்கே ஆவ்யூஹ். படை வகுப்பைச் சொல்லும் வியூகம் அதற்குள் இருக்கிறது. ஈழத்துப் பாடநூல்கள் 'தாயம்' என்கின்றன, இங்கே கன்னடத்தில் 'மாத்ருகெ'. இரண்டிலும் தாயின் குரல் கேட்கிறது. தாயம் என்றதும் எனக்கு முதலில் சோழி உருட்டும் ஆட்டம்தான் நினைவுக்கு வருகிறது, அது பழக்கம் செய்யும் வேலை. அந்தப் பாடநூல்களில் படித்தவர்களுக்கு அது இயல்பான சொல், அதை மாற்றச் சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

சரி, குருத்தெலும்புக்கு வருவோம். அணி என்ற சொல் தடுக்கி விழும் இடம் இதுதான். இரண்டு வருடம் முன்பு ஒரு மருத்துவமனையில் தமிழ்த் துண்டறிக்கை ஒன்று கொடுத்தார்கள். ஓசூர், தருமபுரிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்காக அச்சடித்தது. அதில் 'செல்லுக்கு வெளியிலுள்ள அணி' என்று இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா இரண்டு முறை வாய்விட்டுப் படித்துவிட்டு, தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவருக்கு அது ஒன்றுமே சொல்லவில்லை. முழங்கால் அவருடையது, அறுவைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போடப்போகிறவரும் அவர். இன்றைக்கும் எனக்கு அது மனதை விட்டுப் போகவில்லை.

உண்மையில் அது என்ன? குருத்தெலும்பில் உயிரணுக்கள், அதாவது செல்கள், கொஞ்சம்தான். மீதியெல்லாம் அந்த உயிரணுக்களே சுரந்து தங்களைச் சுற்றிக் கட்டிக்கொண்டது: கொலாஜன் என்ற புரத இழைகள், அவற்றுக்கு நடுவே தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் பெரிய மூலக்கூறுகள். நாம் நடக்கும்போது எடையைத் தாங்குவது அதுதான். அங்கே ரத்தக் குழாய் கிடையாது, அதனால் தேய்ந்தால் தானாக ஆறுவது அரிது. மீளுருவாக்க மருத்துவக்காரர்கள் அதை வெளியில் வளர்க்கப் பாடுபடுவதும் அதனால்தான்.

ஒரு நுணுக்கம் உண்டு. இங்கே தாயைக் கட்டுவதே பிள்ளைகளான உயிரணுக்கள். அப்படியானால் உவமை தவறா என்று கொஞ்ச நாள் குழம்பினேன். தெளிய வைத்தது 2006இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆடம் எங்க்லர், டென்னிஸ் டிஷர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. மனித எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஒரே வகை ஸ்டெம் செல்களை, அதாவது பல வகைச் செல்லாகவும் மாறக்கூடியவற்றை, வெவ்வேறு விறைப்புள்ள கூழ்ப் படுகைகளில் வளர்த்தார்கள். மூளையைப் போல மெத்தென்று, 1 கிலோபாஸ்கலுக்குள் (விறைப்பை அளக்கும் அலகு இது) இருந்த படுகையில் அவை நரம்பணுக்களின் சாயலுக்குப் போயின. தசை போல 10 கிலோபாஸ்கல் அளவில் இருந்ததில் தசையின் சாயல். 25 முதல் 40 வரை விறைப்பானதில் எலும்பின் சாயல். படுத்திருக்கும் மடி எப்படியோ, பிள்ளை வளர்வதும் அப்படி. இதைப் படித்த பிறகு இந்தப் பொருளுக்கு வைக்கும் தமிழ்ச் சொல்லில் தாய் இருந்தே ஆகவேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். தாய்ப்பாறை என்ற சொல் நமக்குப் பழக்கம்தான். அந்த வழியிலேயே 'தாய்ப்பொருள்'. உயிரணுவுக்கு வெளியே என்று குறிப்பாகச் சொல்ல 'செல்புறத் தாய்ப்பொருள்'.

இதை 'சாரம்' என்பதோடு குழப்பிவிடக் கூடாது. கொத்தனார் கட்டடம் எழுப்பச் சாரம் கட்டி, வேலை முடிந்ததும் அவிழ்ப்பார். ஆய்வகத்தில் உயிரணுக்கள் ஏறி வளர அமைக்கும் செயற்கைச் சட்டத்துக்கு அதுவே பொருத்தமான சொல், அதுவும் பிறகு கரைந்து போகவேண்டியதுதான்.

மரத்துக்குத் தாய்ப்பொருள் பொருந்தாது என்றார் பெரியவர், அவர் சொன்னது சரி. கட்டையின் செல் சுவரில் செல்லுலோஸ் நுண்ணிழைகள் கம்பிபோல ஓடுகின்றன. அவற்றைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் என்ற இரண்டு பொருள்கள் கான்கிரீட் போல இறுகியிருக்கின்றன. அந்த இறுகலைத்தான் மர அறிவியலில் மேட்ரிக்ஸ் என்கிறார்கள். வைரம் பாய்ந்த நடுக்கட்டையில் உயிருள்ள செல்லே கிடையாது, அங்கே யாரை யார் வளர்ப்பது? காகித ஆலையில் காரத்தில் வேகவைத்து லிக்னினைக் கரைத்துவிட்டால் மரம் கூழாகிவிடுகிறது. பிணைத்து வைப்பதுதான் அதன் வேலை, ஆகவே 'பிணைபொருள்'. கண்ணாடி இழையையும் பிசினையும் சேர்த்துச் செய்யும் கலவைகளுக்கும் இதே சொல் போதும்.

பேச்சு மரத்தில் நின்றபோது பெரியவர் தொல்காப்பியத்தின் மரபியலுக்குப் போனார். "புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப." காழ் என்றால் வைரம். வெளியே வைரம் உள்ளது புல், உள்ளே வைரம் உள்ளது மரம். அந்தக் கணக்கில் பிரம்பு புல்தான். அந்தப் புல்லைத்தான் இத்தாலியின் ஃபாயென்சா நகர ஆய்வாளர்கள் எலும்பாக்கியிருக்கிறார்கள். பிரம்பைக் கரியாக்கி, படிப்படியாகக் கால்சியமும் பாஸ்பேட்டும் ஏற்றி, எலும்பில் இருக்கும் ஹைட்ராக்சிஅபடைட் என்ற கனிமமாக மாற்றி ஆடுகளில் வைத்துப் பார்த்தார்கள். பிரம்பின் பழைய பிணைபொருள் முழுக்கப் போய்விட்டது. அதன் துளைகளின் அமைப்பு மட்டும் எலும்புக்கான சாரமாக நின்றது. புதிய எலும்புச் செல்கள் அதில் ஏறித் தங்கள் தாய்ப்பொருளைச் சுரந்தன. ஒரே ஆய்வைச் சொல்ல மூன்று சொற்கள் வேண்டியிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேட்ரிக்ஸ் என்றோ அணி என்றோ போட்டிருந்தால் நமக்கு என்ன விளங்கியிருக்கும்?

தம்பி போன வாரம் போன் செய்தார். குருத்தெலும்பைப் பற்றி எழுதிய பத்தியை ஓசூரில் இருக்கும் தன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினாராம். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்போ அந்தத் தாய்ப்பொருள் தேய்ஞ்சு போனா, அதுக்குள்ள இருக்கிற செல்லும் செத்துப் போயிடுமாப்பா?" என்று கேட்டிருக்கிறார்.

"அதைத்தான் அக்கா நான் ரெண்டு வருஷமா ஆராய்ச்சி பண்றேன்" என்றார் தம்பி.