காவல் புரதம் கெட்டால்

கால் கட்டைவிரலை அசைக்கும் நரம்பணு தண்டுவடத்தின் அடிப்பகுதியில் இருக்கிறது. அதன் உடலைக் காண நுண்ணோக்கி வேண்டும். ஆனால் அதிலிருந்து கிளம்பும் இழை பாதம் வரை ஓடுகிறது, கிட்டத்தட்ட 1 மீட்டர். இத்தகைய இயக்க நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் சாவதுதான் மோட்டார் நியூரான் நோய். சட்டைப் பட்டன் போட வராது, செருப்பு காலைவிட்டு நழுவும், அப்புறம் பேச்சு குழறும், கடைசியில் மூச்சுவிடும் தசைகளும் கைவிடும். ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வந்ததும் இதுதான்.

இதில் அதிகம் காணப்படும் வகை ஏஎல்எஸ். அந்த நோயாளிகளில் சுமார் 10-ல் ஒருவருக்குத்தான் இது பரம்பரையாக வருகிறது. ஆனால் முதல் துப்பு கிடைத்தது அந்தச் சிறு கூட்டத்தில்தான். 1993-ல், 21-ஆவது குரோமோசோமில் உள்ள எஸ்ஓடி1 மரபணு பிடிபட்டது.

இந்த மரபணு உருவாக்கும் புரதம் ஒரு காவல்காரன். செல்லுக்குள் ஆக்சிஜனிலிருந்து உண்டாகும் சூப்பராக்சைடு என்ற நச்சை முறிப்பது அதன் வேலை. சரி, காவல்காரன் தூங்கிவிட்டான், நச்சு சேர்ந்து நரம்பணு செத்தது என்றுதானே தோன்றும்? அப்படித்தான் முதலில் நினைத்தார்கள்.

சுண்டெலிகள் வேறு கதை சொல்லின. 1994-ல் மனிதரின் கெட்டுப்போன எஸ்ஓடி1 மரபணுவைச் சுண்டெலிக்குள் வைத்தார்கள். எலியின் சொந்தப் புரதம் குறையில்லாமல் வேலை செய்தும், சில மாதங்களில் அதன் கால்கள் செயலிழந்தன. 1996-ல் எஸ்ஓடி1 அறவே இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். அவற்றுக்கு ஏஎல்எஸ் வரவில்லை! காவல்காரன் தூங்கவில்லை, வேலியே பயிரை மேய்ந்துகொண்டிருந்தது. தவறாக மடிந்த புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி, செல்லையே கெடுக்கிறது.

இந்தப் புரதம் 153 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. 4-ஆவது இடத்தில் அலனினுக்குப் பதில் வேலின் வந்தால், அறிகுறி தெரிந்தபின் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகள்கூடத் தாங்காது. அமெரிக்கக் குடும்பங்களில் அதிகம் காணும் பிறழ்வு இது. 90-ஆவது இடத்தில் ஒரு மாற்றம் உண்டு, ஸ்வீடன், பின்லாந்துப் பகுதியில். அங்கே மரபணுவின் ஒரு பிரதியில் மட்டும் இந்த மாற்றம் உள்ளவர்கள் பொதுவாக நலமாகவே இருக்கிறார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய். அதுவும் காலில் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் மெல்ல நகரும். ஒரே மரபணுவில் ஒரே ஒரு எழுத்துப் பிழை, இடம் மட்டும் வேறு.

புரதமே நஞ்சு என்றால், அதைக் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டும். டோஃபெர்சன் மருந்து அதைத்தான் செய்கிறது. புரதத்தைச் செய்யச் சொல்லி எஸ்ஓடி1 மரபணுவிலிருந்து போகும் ஆர்என்ஏ செய்தியோடு போய் ஒட்டிக்கொள்ளும் சிறு இழை அது. ஒட்டியதும் செல்லின் நொதி ஒன்று அந்தச் செய்தியை வெட்டிவிடும். முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீருக்குள் செலுத்த வேண்டும். 28 வாரச் சோதனையில் நோயாளிகளின் செயல்திறனில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் நரம்பிழை சிதையும்போது ரத்தத்தில் கசியும் நியூரோஃபிலமெண்ட் என்ற புரதம் குறைந்தது. அதை வைத்தே 2023-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

ஏஎல்எஸ் நோயாளிகளில் எஸ்ஓடி1 பிறழ்வு உள்ளவர்கள் சுமார் 2 சதவீதம்தான். ஐரோப்பிய நோயாளிகளிடம் அதிகம் கெட்டிருப்பது சி9ஓஆர்எஃப்72 என்ற வேறொரு மரபணு. அதில் ஆறெழுத்துத் துண்டு ஒன்று திக்குவாய் போல நூற்றுக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும். அங்கே இதே உத்தி எடுபடவில்லை.

இப்போதைய முயற்சி, எஸ்ஓடி1 பிறழ்வு இருந்தும் இன்னும் நோய் தொடங்காதவர்களிடம். கைகால் நன்றாக இருக்கும்போதே அவர்கள் ரத்தத்தை அடிக்கடி சோதித்து, நியூரோஃபிலமெண்ட் ஏறியதும் ஊசியைத் தொடங்கிப் பார்க்கிறார்கள்.