நியூட்ரியன்ட்: போசணையா, ஊட்டமா?

கொழும்பில் மீனும் பவளமும் வளர்க்கக் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் இருவர் சந்தித்தால், பேச்சு சுற்றிச் சுழன்று இரண்டு எண்களில் வந்து நிற்கும்: நைட்ரேட் எவ்வளவு, பொஸ்பேட் எவ்வளவு? இரண்டையும் சேர்த்து 'நியூட்ரியன்ட்' என்பார்கள். "நியூட்ரியன்ட் கூடிப் பாசி பிடிச்சிட்டுது" என்பதை வெள்ளவத்தையில் யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. தமிழில் எழுத உட்காரும்போதுதான் எந்தச் சொல்லைப் போடுவது என்று கை நிற்கிறது.

இந்தச் சொல்லின் வேர் இலத்தீனின் 'நூத்ரீரே'. பாலூட்டு, ஊட்டி வளர் என்பது பொருள். 'நர்ஸ்' என்ற சொல்லும் அந்தக் குடும்பத்தில் பிறந்ததே. தமிழில் இதற்கு நேரே நிற்பது 'ஊட்டு'. உண் என்பது தன்வினை, ஊட்டு அதன் பிறவினை. அதிலிருந்து வந்தது ஊட்டம். சோறூட்டுகிறோம், பாலூட்டுகிறோம், துணிக்குச் சாயமும் ஊட்டுகிறோம். அந்தக் கடைசி வழக்கைக் கவனியுங்கள். வாயால் உண்பது மட்டுமல்ல, நீரில் கரைந்தது ஒன்றில் ஊறிச் சேர்வதும் ஊட்டுதலே. முருகைக்கல்லின், அதாவது பவளத்தின், உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் நைத்திரேற்றையும் (நைட்ரேட்) பொசுபேற்றையும் (பொஸ்பேட்) எடுத்துக்கொள்வது இந்த விதத்தில்தான்.

இலங்கைப் பாடப்புத்தகத்தில் படித்தவர்களுக்கு முதலில் நினைவு வருவது 'போசணை'. புஷ் என்ற வடமொழி வேரிலிருந்து வந்த சொல். செழித்தல், வளர்த்தல் என்று பொருள். மந்தபோசணை என்று செய்தித்தாளில் வாசிக்கிறோம். கிளினிக்கில் தாய்மாருக்குக் கொடுக்கும் திரிபோஷ சத்துமாவின் பெயரிலும் இருப்பது அதே வேர். பழகிய சொல்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காதில் விழும்போது அது உணவையும் உடலையும் நினைவூட்டுகிறது. மீன்தொட்டிக்காரர் சொல்லும் நியூட்ரியன்டோ உணவு அல்ல, உணவின் மிச்சம். மீனுக்குப் போட்ட உணவும் மீனின் கழிவும் அமோனியாவாகி, பற்றீரியாக்களால் நைத்திரைற்றாகி, கடைசியில் நைத்திரேற்றாகத் தங்கிவிடுகிறது. ஒட்சிசன் குறைந்த கல் இடுக்குகளில் வாழும் வேறு பற்றீரியாக்கள் அதில் ஒரு பங்கை நைதரசன் வாயுவாக்கி வெளியே விடும். பொசுபேற்றுக்கு அப்படி வாயுவாகிப் போகும் வழி இல்லை. அது சுண்ணாம்புக் கல்லில் ஒட்டிக்கொண்டு, நீரில் குறையும்போது மெல்லத் திரும்பக் கசியும். நீரை மாற்றிய சில நாளில் எண் பழையபடி ஏறுவது பெரும்பாலும் இதனால்தான். டெஸ்ட் கிட்டைத் திட்டிப் பயனில்லை.

போசணையைவிட என்னை உறுத்துவது அதன் உறவுச் சொல்லான 'நற்போசணையாக்கம்'. நீரில் இந்தச் சத்துகள் மிஞ்சிப் பாசி பெருகுவதற்குப் பாடப்புத்தகம் தந்த பெயர் அது. கிரேக்கத்தில் 'இயு' என்றால் நன்கு, 'த்ரோஃபே' என்றால் ஊட்டம். அதை அப்படியே பெயர்த்திருக்கிறார்கள். 1907-இல் வெபர் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் சதுப்பு நிலங்களை வகைப்படுத்தியபோது அது வெறும் விவரணைச் சொல், அதில் பழி எதுவும் இல்லை. இன்று கொழும்புப் பேரே வாவியின் பச்சை நீரைப் பார்த்துக்கொண்டு 'நல்ல போசணை' என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? 'மிகையூட்டம்' என்றால் விஷயம் நேரே விளங்கும்.

வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய்கள் கடலில் விழும் இடங்களுக்குப் பக்கத்தில் தொட்டிக்கு நீர் அள்ளக்கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். மழைக்குப் பிறகு சொல்லவே வேண்டாம்.

பவளத்தொட்டியில் மிகை கெடுதல் என்பதால் பூச்சியம் நல்லது என்று எண்ணுவோர் உண்டு. இயற்கை முருகைக்கற்பாறைகளின் நீரில் இவை மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் அங்கே அலையோடு மிதவை உயிர்கள் ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் அது நடப்பதில்லை. இரண்டு எண்களும் தொட்டியில் பூச்சியமானால் பவளம் வெளிறும், 'டைனோ' என்று வளர்ப்போர் அஞ்சும் பழுப்புச் சளி படரும். ஆகவே பலரும் நைத்திரேற்றை லீற்றருக்கு 2 முதல் 10 மில்லிகிராம் வரையும், பொசுபேற்றை 0.03 முதல் 0.1 வரையும் வைத்திருக்கப் பார்க்கிறார்கள். பொசுபேற்று அதற்கு மேல் மிக ஏறினால் பவளம் எலும்புக்கூடு கட்டுவது தடைப்படும். குறைக்க, கழிவை நுரையோடு பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர், பச்சைப்பாசி வளர்க்கும் பக்கத்தொட்டி, பொசுபேற்றைப் பிடித்துக்கொள்ளும் இரும்பு ஒட்சைட்டு மணிகள், நீர் மாற்றம் என்று வழிகள் உண்டு. மணிகளை ஒரேயடியாகக் கொட்டிப் பொசுபேற்றைச் சடாரென்று இறக்குவது, அது கூடியிருப்பதைவிட மோசம்.

சரி, எந்தச் சொல்? 'நீர்ச்சத்து' சரிவராது, அது தாகத்துக்கும் தர்ப்பூசணிக்கும் போய்விட்டது. 'ஊட்ட உப்பு' இரசாயனப்படி சரி, ஆனால் கடல்நீர்த் தொட்டியில் உப்பு என்றாலே உவர்ப்பைத்தான் நினைப்போம். 'கரையூட்டம்' என்று ஒட்டிப் பார்த்தால் கடற்கரை குறுக்கே வருகிறது. வெறும் 'ஊட்டம்' போதும் என்பது என் கட்சி. தேவைப்படும் இடத்தில் 'கரைந்த ஊட்டம்' என்று விரிக்கலாம். அளவுக்கு நம் வழக்கில் 'மட்டம்' உண்டு, குருதி வெல்ல மட்டம் என்பதுபோல ஊட்ட மட்டம். தமிழ்நாட்டு வாசகர் அதைத் 'தரம் குறைந்த ஊட்டம்' என்று படிக்கக்கூடும். அவர்களுக்கு எழுதினால் 'ஊட்ட அளவு'.

சொல்லில் கவனம் பணத்தையும் பவளத்தையும் காப்பாற்றும் இடம் ஒன்று உண்டு. சில டெஸ்ட் கிட்கள் நைத்திரேற்றை முழுதாகக் காட்டும். சில அதிலுள்ள நைதரசனை மட்டும் காட்டும். இரண்டாவதை 4.43 ஆல் பெருக்கினால்தான் முதலாவது வரும். அதாவது அந்தக் கிட் 2 என்றால் தொட்டியில் இருப்பது ஏறத்தாழ 8.9. குறிப்பேட்டில் எழுதும்போது 'நைத்திரேற்று', 'நைத்திரேற்று நைதரசன்' என்று பிரித்தே எழுதுங்கள்.