க/பெ, த/பெ: பெண்களின் பங்கை எப்படி எண்ணுகிறோம்?

பயிற்சி வகுப்பின் முதல் மணி நேரத்தில் நான் விரிவுரை எதுவும் செய்வதில்லை. வந்திருக்கும் அலுவலர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். "உங்கள் அலுவலகம் கடைசியாக முடித்த ஒரு திட்டத்தின் பயனாளிகள் பட்டியலை எடுங்கள். அதில் பெண்கள் எத்தனை பேர்?"

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாவட்டத்தில் இதைக் கேட்டபோது, வேளாண் கருவி மானியப் பட்டியலோடு வந்திருந்த இளம் அலுவலர் ஒருவர் பென்சிலை எடுத்துப் பெயர் பெயராக எண்ணத் தொடங்கினார். பட்டியலில் பாலினத்துக்கென்று ஒரு கட்டமே இல்லை. பெயருக்குப் பக்கத்தில் க/பெ என்று இருந்தால் பெண், த/பெ என்று இருந்தால் ஆண். அவர் அப்படித்தான் எண்ணினார். மாவட்டத்துக்குப் போன அறிக்கையும் அப்படி எண்ணித்தான் தயாராகியிருந்தது.

அந்தப் பட்டியலில் தங்கம் என்று ஒருவர், ஜோதி என்று ஒருவர், மணி என்று இரண்டு பேர் இருந்தார்கள். தங்கம் ஆணா, பெண்ணா? பக்கத்திலிருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அந்த ஊருக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம். தங்கம், கணவரைப் பிரிந்து தந்தை வீட்டில் இருக்கும் பெண். தந்தை பெயரைப் போட்டு விண்ணப்பித்ததால் ஆண்கள் கணக்கில் போய்ச் சேர்ந்திருந்தார். யோசித்துப் பாருங்கள். திருமணமாகாதவர், கணவரால் கைவிடப்பட்டவர் என வறுமை முதலில் பிடிக்கும் பெண்கள் எவரோ, அவர்களைத்தான் இந்த எண்ணும் முறை கண்ணிலிருந்து மறைக்கிறது.

அந்த அலுவலர் மீது குறை சொல்ல எதுவும் இல்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட படிவம் அது. அரசுக் கணக்குத் தணிக்கையில் பணிக்காலத்தைக் கழித்துவிட்டு, இப்போது பாலின வரவு செலவுத் திட்டம் குறித்து அலுவலர்களுக்குப் பயிற்சி அளித்துவரும் எனக்கு, இந்தத் துறையின் பெரும் சிக்கல்கள் பலவும் இப்படியொரு படிவத்தில்தான் தொடங்குகின்றன என்று தோன்றுகிறது.

பாலின வரவு செலவுத் திட்டம் என்றதும் பெண்களுக்கென்று தனியாக ஒரு பட்ஜெட் போடுவது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சாலை, பாசனம், மருத்துவமனை, பள்ளி என்று அரசு செலவிடும் எல்லாப் பணமும் ஆணையும் பெண்ணையும் எப்படிச் சென்றடைகிறது என்று பார்ப்பதும், ஒருவரைச் சென்றடையவில்லை என்றால் செலவிடும் விதத்தை மாற்றுவதும்தான் அதன் வேலை. 1984-இல் ஆஸ்திரேலியா இதைத் தொடங்கியது. இந்திய ஒன்றிய அரசு 2005-06 நிதியாண்டு முதல் நிதிநிலை அறிக்கையோடு இதற்கெனத் தனி அறிக்கை ஒன்றை வெளியிட்டு வருகிறது. முழுவதும் பெண்களுக்கான திட்டங்கள் பகுதி 'அ'வில் வரும். குறைந்தது 30 விழுக்காடு பெண்களுக்குச் செல்பவை பகுதி 'ஆ'வில் வரும். அண்மையில், 30 விழுக்காட்டுக்கும் குறைவானவற்றுக்கு மூன்றாவது பகுதியும் வந்துவிட்டது. 2025-26-இல் இந்த அறிக்கை காட்டிய மொத்தத் தொகை சுமார் 4.49 லட்சம் கோடி ரூபாய். ஒன்றிய அரசின் மொத்தச் செலவில் இது 8.86 விழுக்காடு.

பெரிய தொகைதான். இருபது ஆண்டுகளாக விடாமல் ஓர் அரசு இப்படிக் கணக்குக் காட்டுவது எளிய காரியமும் இல்லை. அதை நான் மதிக்கிறேன். ஆனால் தணிக்கைக்காரனின் பழக்கம், தொகையைப் பார்த்ததும் அது எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றும். ஒரு திட்டத்தில் பெண்களின் பங்கு 30 விழுக்காடு என்று எழுதியிருந்த ஒரு துறையின் அலுவலரிடம், எந்தக் கணக்கை வைத்து 30 என்று போட்டீர்கள் என்று கேட்டேன். "போன ஆண்டும் 30 தான் சார்" என்றார். அதற்கு முந்தைய ஆண்டு? அப்போதும் 30 தான். பட்டியலில் இடம்பெற எது குறைந்த அளவோ, அதுவே விடையாகவும் ஆகிவிட்டிருந்தது.

பகுதி 'அ'விலும் இதே கேள்வி எழுகிறது. 2023-24 நிதியாண்டில் பிரதம மந்திரி ஊரக வீட்டுவசதித் திட்டத்துக்கான 54,487 கோடி ரூபாயும் முழுவதும் பெண்களுக்கான செலவு என்று அதில் வைக்கப்பட்டது. அந்தப் பகுதியின் மொத்தத்தில் பாதிக்கும் மேல் அது ஒன்றுதான். வீடு மனைவியின் பெயரிலோ கணவன் மனைவி இருவர் பெயரிலோ இருக்க வேண்டும் என்ற விதி உண்மையிலேயே நல்ல விதி. பத்திரத்தில் பெயர் இருக்கும் பெண்ணை நினைத்தவுடன் வெளியே தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த வீட்டில் குடியிருப்பது முழுக் குடும்பம். செங்கல், சிமென்ட் செலவு முழுவதையும் பெண்கள் கணக்கில் எழுதிவிட்டால் மொத்தம் வீங்கித் தெரியும். அந்த வீக்கத்துக்குப் பின்னால் பெண்களுக்கென்றே இயங்கும் விடுதிகள், உதவி மையங்கள், காப்பகங்கள் ஆகியவற்றுக்கு எவ்வளவு கிடைத்தது என்பது எளிதில் கண்ணில் படாது. ஒதுக்கீடு வேறு, செலவு வேறு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெண்களின் பாதுகாப்புக்காக 2013-இல் 1,000 கோடி ரூபாயோடு அறிவிக்கப்பட்ட நிர்பயா நிதியின் பெரும்பகுதி முதல் சில ஆண்டுகள் தொடப்படாமலேயே கிடந்தது.

இனி வறுமைக் கணக்குக்கு வருகிறேன். பாலினக் கணக்கை ஓர் அறையிலும் வறுமைக் கணக்கை இன்னோர் அறையிலும் வைத்திருப்பதுதான் நம் அரசுகளின் வழக்கம். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால்தான் எங்கே ஓட்டை என்று தெரியும்.

நிதி ஆயோக் 2023-இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் குறியீட்டின்படி, இந்தியாவில் ஏழைகளின் பங்கு 2015-16-இல் 24.85 விழுக்காடாக இருந்து 2019-21-இல் 14.96 விழுக்காடாகக் குறைந்தது. தமிழ்நாட்டில் 4.76-லிருந்து 2.20 ஆகியது. இந்தக் குறியீட்டில் ஊட்டச்சத்து, பள்ளிக் கல்வி, சமையல் எரிபொருள், குடிநீர், வங்கிக் கணக்கு என 12 அளவுகோல்கள். வருமானத்தை மட்டும் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் இதன் அலகு குடும்பம். பள்ளிக் கல்வி என்ற அளவுகோலை எடுத்துக்கொள்வோம். பத்து வயதைத் தாண்டிய ஒருவராவது ஆறு ஆண்டுகள் பள்ளிப் படிப்பை முடித்திருந்தால் அந்தக் குடும்பத்துக்குக் கல்வியில் குறைவு இல்லை. மகன் ஏழாம் வகுப்புக்குப் போகிறான் என்றால், கையெழுத்துப் போடத் தெரியாத அவன் தாயும் அந்த வரிசையில் தேறிவிடுகிறாள். வங்கிக் கணக்கும் அப்படியே. வீட்டில் யாராவது ஒருவர் பெயரில் இருந்தால் போதும். அது பெரும்பாலும் யார் பெயரில் இருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

குறியீடு தவறு என்று நான் வாதிடவில்லை. குடும்பத்தை அளக்கச் செய்த கருவியை வைத்துக்கொண்டு, பெண்களின் வறுமையும் இதே அளவு குறைந்துவிட்டது என்று அலுவலகங்கள் எழுதுவதைத்தான் தவறு என்கிறேன். ஒரே அடுப்பில் சமைத்ததை ஒரே அளவில் எல்லோரும் உண்பதில்லை. கடைசியில் உட்காருபவர் யார் என்று நம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அதைக் கணக்கில் எழுத மறுக்கிறோம்.

வீட்டுக்குள் எட்டிப் பார்த்த ஒரு கணக்கெடுப்பும் நம்மிடம் இருக்கிறது. 2024-ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடங்களையும், ஆண்கள் 88 நிமிடங்களையும் அதில் செலவிடுவதாகச் சொல்கிறது. ஏறக்குறைய ஐந்து மணி நேரம். ஓர் ஊரில் குடிநீர்க் குழாயும் குழந்தைகள் மையமும் ஒழுங்காக இயங்கினால் அந்த ஐந்து மணி நேரத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று திட்டமிடுபவர்கள் கேட்டிருக்கலாம். நான் பார்த்த அலுவலகங்களில் இந்த எண்ணைத் திட்டக் குறிப்பில் பயன்படுத்தியவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். கணக்கெடுப்புகள் உரிய காலத்தில் கிடைப்பதும் இல்லை. வறுமையை மதிப்பிட உதவும், குடும்பங்கள் எதற்கு எவ்வளவு செலவிடுகின்றன என்று கேட்கும் நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு 2011-12-க்குப் பிறகு 2017-18-இல் நடந்தது. அதன் முடிவுகளை அரசு வெளியிடவில்லை. அடுத்த முடிவுகள் 2022-23-க்குத்தான் கிடைத்தன. பத்தாண்டுக் காலம் வறுமை ஒழிப்புத் திட்டங்கள் பழைய எண்களைக் கொண்டு ஓடின.

எல்லாமே இப்படித்தான் என்று சொல்லிவிடவும் முடியாது. வேலை நடக்கும்போதே கணக்கும் தானாகப் பிறக்கும் ஏற்பாடுகள் சில உண்டு. எனக்குப் பிடித்த உதாரணம், தமிழ்நாட்டு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குத் தரப்படும் கட்டணமில்லா டிக்கெட். 2021 மே மாதம் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியது. காசு வாங்காவிட்டாலும் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார்கள். அந்தச் சின்னத் தாளால், எந்தத் தடத்தில் எத்தனை பெண்கள் பயணித்தார்கள் என்று அரசுக்குத் தெரிகிறது. கணக்கு இருந்ததால் ஆய்வும் நடத்த முடிந்தது. மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. நூறு நாள் வேலை என்று நாம் அறிந்த 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டமும் அப்படித்தான். ஒவ்வொருவரின் வருகையும் அவரவர் பெயரில் பதிவானதால், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று சட்டம் சொன்ன அளவைத் தாண்டி நாடு முழுவதும் பாதிக்கும் மேல் பெண்களே வேலை செய்தார்கள் என்று திட்டவட்டமாகச் சொல்ல முடிந்தது. ஊர்ச் சபையில் கணக்கை வாசித்துக் காட்டும் சமூகத் தணிக்கையையும் அந்தச் சட்டம் கட்டாயமாக்கியிருந்தது.

கேரளம் இன்னொரு வழியில் போனது. கடும் வறுமையில் வாடும் 64,006 குடும்பங்களை உள்ளாட்சிகள் வழியாகக் கண்டறிந்து, உணவு, உடல்நலம், உறைவிடம், வருமானம் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனித் திட்டம் போட்டது. 2025 நவம்பர் 1 அன்று கடும் வறுமை இல்லாத மாநிலமாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. கணக்கெடுத்த முறை பற்றிப் பொருளியலாளர்கள் சிலர் கேள்வி எழுப்பினார்கள். அந்தக் கேள்வி எழுந்தது நல்லது என்றே நினைக்கிறேன். பட்டியல் என்று ஒன்று இருந்தால்தானே அதைச் சரிபார்க்கக் கேட்க முடியும்?

அரசின் திறனை வளர்ப்பது என்ற பெயரில் நாம் நடத்தும் பயிற்சிகளின் பலவீனம் எனக்கு நன்றாகவே தெரியும். இரண்டு நாள் வகுப்பு, ஒரு கோப்புறை, ஒரு சான்றிதழ். ஆறு மாதத்தில் அந்த அலுவலருக்கு வேறு துறைக்கு மாறுதல் வந்துவிடும். கற்றதும் அவரோடு போய்விடும். அதனால் இப்போதெல்லாம் வகுப்பு முடிவதற்குள் ஒரு படிவத்தையாவது திருத்தி, அதற்கு மேலதிகாரியின் ஒப்புதலுக்கான குறிப்பையும் எழுதி முடிக்கச் சொல்கிறேன். ஒவ்வொரு வட்டாரத்திலும் புள்ளியியல் ஆய்வாளர் இருக்கிறார். ஆனால் ஊரக வளர்ச்சி அலுவலகத்தின் பட்டியல் அவர் மேசைக்குப் போவதில்லை. அந்தப் பட்டியலை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குப் புதிதாக எந்த நிதியும் தேவையில்லை.

இதைப் படிக்கும் நீங்கள் அரசு ஊழியராக இல்லாமலும் இருக்கலாம். உங்களுக்கும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடும் நாட்கள் உங்களுக்குத் தெரியும். இவ்வாண்டு எந்தத் திட்டத்தில் யார் யார் விண்ணப்பித்தார்கள், யாருக்குக் கிடைத்தது, யாருக்கு எதனால் கிடைக்கவில்லை என்பதை ஆண், பெண் வாரியாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

பென்சிலால் எண்ணிய அந்த அலுவலர் ஓராண்டு கழித்து என்னை அழைத்தார். படிவத்தில் பாலினத்துக்கு ஒரு கட்டம் சேர்த்துவிட்டாராம். கூடவே, மானியம் கிடைத்தவர்களின் பட்டியலோடு விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பட்டியலையும் தயாரித்திருந்தார். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. பெண்கள் விண்ணப்பிப்பதே இல்லை என்றுதான் அந்த அலுவலகத்தில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். விண்ணப்பித்துத்தான் இருந்தார்கள். நிலத்தின் பட்டா மாமனார் பெயரிலோ, இறந்துபோன கணவர் பெயரிலோ இருந்ததால் அவர்களுடைய மனுக்கள் முதல் கட்டத்திலேயே திரும்பியிருந்தன. அந்தப் பெயர்களை ஊர் வாரியாகப் பிரித்து, பட்டா மாறுதலுக்காக வருவாய்த் துறைக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். முதல் பட்டியலில் பதினான்கு ஊர்கள்.