இன்சுலின் போத்தலை வீட்டுக்கு அனுப்பினால் மட்டும் போதாது

"ஊசிக்கு வந்திட்டா கடைசிக் கட்டம்தானே?" திருகோணமலை நகரத்துக் கிளினிக் வரிசையிலும் இந்தப் பேச்சுத்தான், மூதூரிலும் வெருகலிலும் இந்தப் பேச்சுத்தான். சீனி வருத்தத்துக்கு (நீரிழிவுக்கு) எழுதிக் கொடுத்த இன்சுலினை வாங்கிப் போய் பிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு, மாதக்கணக்கில் தொடாமல் இருந்து, கால்விரல் கறுத்த பிறகு தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இந்த மாதமும் அப்படி வந்தார்கள். பொறுமை போய்த்தான் இதை எழுதுகிறேன்.

ஊசி போட்டதால் கிட்னி போனது என்பவர்கள் நடந்ததைத் தலைகீழாகச் சொல்கிறார்கள். கிட்னியைக் கெடுத்தது பல வருடமாகக் கட்டுக்குள் வராத சீனி. கிட்னி பழுதாகத் தொடங்கினால் மெட்போர்மின் போன்ற குளிசைகளைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டிவரும். அந்த நேரத்தில்தான் வைத்தியர் இன்சுலினை எழுதுகிறார். கடைசியாக வந்தது ஊசி என்பதால் பழி முழுவதும் அதன் தலையில் விழுகிறது. "ஒருக்கா போட்டா விடேலாது" என்பதும் அப்படித்தான். கர்ப்ப காலத்தில் மட்டும் சீனி கூடிய தாய்மாருக்குப் பெரும்பாலும் பிள்ளை பிறந்ததும் நிறுத்திவிடுவோம். சத்திரசிகிச்சைக்காகவோ கடும் கிருமித்தொற்றுக்காகவோ சில கிழமை மட்டும் போடுபவர்களும் உண்டு. தொடர்ந்து தேவைப்படுகிறவருக்கு, அவருடைய கணையம் சுரக்க மாட்டாமல் போனதைத்தான் வெளியே இருந்து கொடுக்கிறோம். அதற்குப் பெயர் அடிமைத்தனம் அல்ல.

முதலாம் வகைச் சீனி வருத்தம் (கணையம் இன்சுலினையே சுரக்காத வகை) உள்ள பிள்ளைகளைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். 1922 ஜனவரியில் கனடாவின் டொரன்டோவில் 14 வயதுச் சிறுவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதற்கு முன்பு இப்படியான பிள்ளைகளைப் பட்டினி போட்டுத்தான் கொஞ்சக் காலம் உயிரோடு வைத்திருந்தார்கள். பாகற்காய்ச் சாறு, வேர், தூள் என்று யாராவது சொல்வதைக் கேட்டுப் பிள்ளையின் ஊசியை நிறுத்தாதீர்கள். ஓரிரு நாளே போதும், இரத்தம் அமிலமாகி உயிருக்கு ஆபத்தாகிவிடும். காய்ச்சல், வாந்தி வந்து பிள்ளை சாப்பிடாவிட்டாலும் ஊசியை நீங்களாக நிறுத்தக் கூடாது. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்தது சிரிஞ்ச். எங்கள் போத்தலில் 1 மில்லிலீற்றருக்கு 100 அலகு. அதற்குரிய சிரிஞ்சுக்குச் செம்மஞ்சள் மூடி. இந்தியாவில் 1 மில்லிலீற்றருக்கு 40 அலகுள்ள போத்தலும் அதற்கான சிவப்பு மூடிச் சிரிஞ்சும் பரவலாகக் கிடைக்கின்றன. தமிழ்நாட்டுக்குப் போய் வருகிறவர்கள் அன்பாக ஒரு பெட்டி சிரிஞ்ச் வாங்கி வந்து கொடுப்பார்கள். அந்தச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் எங்கள் மருந்தை 20 என்ற எண் வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 50 அலகு. ஆளை மயக்கிப் போட அது போதும். அங்கிருந்து போத்தலைக் கொண்டுவந்து இங்குள்ள சிரிஞ்சால் 20 வரை இழுத்தால் 8 அலகுதான் போகும். மூடியின் நிறத்தோடு, போத்தலிலும் சிரிஞ்சிலும் எழுதியிருக்கும் எண் ஒன்றா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

நிறம் சரியாக இருந்தும் பிழைக்கிற இடம் ஒன்று இருக்கிறது. 100 அலகு சிரிஞ்சில் ஒரு சின்னக் கோடு பெரும்பாலும் 2 அலகு. 50 அலகு சிரிஞ்சில் ஒரு கோடு 1 அலகு. "பத்துக் கோடு" என்று பழகிய அம்மாவுக்குப் பார்மசியில் மற்றச் சிரிஞ்சைக் கொடுத்தால் அளவு பாதியாகும், அல்லது இரட்டிப்பாகும். கோட்டை எண்ணாமல் எண்ணை வாசியுங்கள். கண் மங்கலானவர் தானே இழுக்க வேண்டாம், வீட்டில் ஒருவர் இழுத்துக் கொடுக்கட்டும்.

கலங்கலான கலவை இன்சுலினை உள்ளங்கைகளுக்கிடையில் 10 தரம் உருட்டி, 10 தரம் மெதுவாகத் தலைகீழாக்கி, ஒரே சீரான பால் நிறம் வந்த பிறகுதான் இழுக்க வேண்டும். போத்தலைக் குலுக்கினால் நுரைக்கும், அளவு பிழைக்கும். வயிற்றில் தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளிக் குத்துங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு விரலளவு இடம் மாற்றுங்கள். ஒரே இடத்தில் குத்தக் குத்த அங்கே மெத்தென்ற கட்டி வரும். அதில் நோகாது, அதனாலேயே பலர் அந்த இடத்தை விடமாட்டார்கள். ஆனால் மருந்து அங்கே ஒழுங்காக ஊறாது, சீனி ஏறி இறங்கும், வைத்தியரோ அளவைக் கூட்டிக்கொண்டே போவார். (கட்டியைத் தடவிப் பார்க்காமல் அளவைக் கூட்டுவது எங்கள் பக்கப் பிழை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.) கட்டியை விட்டு நல்ல இடத்துக்கு மாறும்போது பழைய அளவே சீனியை மிகவும் இறக்கிவிடும். வைத்தியரிடம் சொல்லிவிட்டு மாறுங்கள்.

எங்கள் வெயிலுக்குப் பிரிட்ஜ் நல்லது, ஐஸ் பெட்டி கூடாது. ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் எறியத்தான் வேண்டும். பிரிட்ஜ் இல்லாத வீட்டில், பெரிய மண்சட்டிக்குள் சின்னச் சட்டியை வைத்து, இடையில் ஆற்றுமணல் நிரப்பி, காலையும் மாலையும் மணலை நனைத்து, ஈரத்துணியால் மூடி நிழலில் வையுங்கள். போத்தலைத் தண்ணீர் படாத டப்பாவில் போட்டு உள்ளே வைக்கலாம். மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியில் வைத்துக் கொண்டுபோகாதீர்கள். போத்தலைத் திறந்த திகதியை ஒரு பிளாஸ்டரில் எழுதி ஒட்டுங்கள். நாளுக்கு 20 அலகு போடுபவருக்கு 1000 அலகுப் போத்தல் 50 நாள் வரும், ஆனால் திறந்த போத்தலைப் பொதுவாக 4 கிழமைக்கு மேல் நம்பக் கூடாது. மிச்சத்தை எறிய மனம் வராதுதான். எறியுங்கள்.

கிளினிக் நாளன்று நடப்பது இன்னொன்று. வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டும் என்று சாப்பிடாமல் வருகிறார்கள், ஆனால் ஊசியை விடியவே போட்டுவிட்டு வருகிறார்கள். வரிசையிலேயே வியர்த்துச் சரிகிறார்கள். தயவுசெய்து ஊசியையும் இடியப்பத்தையும் கையோடு கொண்டுவந்து, இரத்தம் கொடுத்த பிறகு போட்டுச் சாப்பிடுங்கள். கந்தசஷ்டி விரதமானாலும் ரமழான் நோன்பானாலும் முன்கூட்டியே வந்து அளவை மாற்றிக்கொள்ளுங்கள். ரமழானுக்கு என்றால் ஆறு கிழமைக்கு முன்பே வாருங்கள்.

நடுக்கம், வியர்வை, திடீர்க் கோபம், பிதற்றல் கண்டால் சீனியைப் பாருங்கள். மீற்றர் இல்லாவிட்டால் காத்திருக்காமல் சீனித்தண்ணீர் கொடுங்கள். மீற்றரில் 70க்குக் (mg/dL) கீழ் என்றால் 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு தரம், ஏறியதும் சாப்பாடு. நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரைக்கேறும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். இரவில் கடலுக்குப் போகும் தம்பிமார் மூடி இறுகிய பிளாஸ்டிக் போத்தலில் சீனியைக் கொண்டுபோங்கள். அது எங்கே இருக்கிறது என்று படகில் கூட வருபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவையும் ஒரு நோயாளி தனியாகச் சுமக்க முடியாது. அடுத்த கிளினிக்குக்கு வரும்போது போத்தல், சிரிஞ்ச், மீற்றர், சீனி எழுதிய கொப்பி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, வீட்டில் கூட இருக்கும் ஒருவரையும் கூட்டிவாருங்கள். சனம் நிறைந்திருக்கும், எல்லோருக்கும் அவசரமாக இருக்கும், பரவாயில்லை. "மிஸ், நான் ஊசி இழுக்கிறதை ஒருக்கா பாருங்கோ" என்று கேளுங்கள். கேட்டால் பார்ப்போம். கேட்காமலே நாங்கள் பார்த்திருக்க வேண்டும்.