ரோபோ சும்மாதான் நின்றது என்கிறீர்களே!

போன வாரமும் ஒரு தம்பி வந்தார். எண்ணூர் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலை. முழங்கை வீங்கிக் கிடந்தது. ரோபோவைச் சுற்றிப் போட்ட வேலிக்குள் விழுந்த பிராக்கெட்டை எடுக்கப் போனாராம். "ரோபோ சும்மாதான் சார் நின்னுனு இருந்துச்சு." தொழிற்சாலை மருத்துவரான எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

அது சும்மா நிற்கவில்லை ஐயா, காத்திருக்கிறது. முந்தைய மெஷினிலிருந்து பாகம் வந்திருக்காது, அல்லது கிளாம்ப் சரியாகப் பிடித்திருக்காது. நீங்கள் உள்ளே போய் எதையோ நகர்த்துகிறீர்கள், குறை சரியாகிறது, உடனே ரோபோவின் கை வீசுகிறது. ஆள் உள்ளே நின்று புரோகிராம் கற்றுக்கொடுக்கும்போது அந்தக் கை நொடிக்கு 250 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது சர்வதேச விதி. உற்பத்தி ஓட்டத்தில் அந்த வரம்பு கிடையாது. 1979 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற தொழிலாளி, பாகம் எடுக்க அடுக்கில் ஏறியபோது ரோபோ கை தலையில் அடித்து இறந்தார். இத்தனை வருடம் கழித்தும் நாம் அதே இடத்தில்தான் கையை நீட்டுகிறோம்.

சரி, ஏன் நிறுத்தாமல் போனாய் என்று அந்தத் தம்பியிடம் கேட்டேன். "பட்டனை அழுத்தினா லைனே நின்னுடும் சார். எவன் நிறுத்தினான்னு கேப்பாங்க."

நிர்வாகங்கள் என்னைக் கூப்பிட்டு, 'ரோபோ வேலையைப் பறிக்காது என்று தைரியம் சொல்லுங்கள்' என்கின்றன. அந்தப் பயம் உண்டுதான். ஆனால் ஆயுத பூஜையன்று அதே ரோபோவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுவதும் இந்தத் தொழிலாளர்கள்தான். மெஷின் மேல் பகை ஒன்றும் இல்லை. என்னிடம் வருபவர்கள் சொல்வது வேறு. அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை, இரண்டு நிமிடம் நகர முடியவில்லை, பயமாக இருக்கிறது என்று சொன்னால் நாளைக்கு கேட்டுக்குள் விடுவார்களோ தெரியவில்லை. பாத்ரூம் போக வேண்டிவரும் என்று தண்ணீரே குடிக்காமல் இருந்து சிறுநீரகக் கல்லோடு வருகிறார்கள். இதற்கு என்ன தைரியம் சொல்வது?

வேலிக்குள் போவதற்கு முன் பவரை நிறுத்திப் பூட்டுங்கள், சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும். வேலிக் கதவு திறந்தால் ரோபோவை நிறுத்தும் சென்சாரை ஏமாற்ற ஸ்பேர் சாவியைச் செருகி வைக்கும் வித்தையை இன்றோடு விடுங்கள். ஓடும் இயந்திரத்துக்கு வேலி வேண்டும் என்று 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. அந்த வேலியில் நீங்களே ஓட்டை போடாதீர்கள். சூப்பர்வைசர் அண்ணன்களே, லைன் நின்றால் "என்ன ஆச்சு?" என்று முதலில் கேளுங்கள். "யார் நிறுத்தினது?" என்பது பிறகு.

அப்புறம், அடி பட்டால் மறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள் தம்பி, கெஞ்சிக் கேட்கிறேன். அன்றே விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள். இல்லையென்றால் அது வேலையில் பட்ட அடிதான் என்று ஈஎஸ்ஐயில் நிரூபிக்க நீங்கள்தான் அலைய வேண்டிவரும்.